தங்கத்தை விடாத கனிமங்கள்

ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் தங்கம் உள்ளது என்பதை ஆய்வுக்கூடம் கூறிவிடும். அதில் எவ்வளவு கைக்கு வந்து சேரும் என்பது வேறு கேள்வி. தங்கத்துடன் கூடியிருக்கும் கனிமங்கள் எவை, துகள் எவ்வளவு பெரிது, அது எதனுள் அடைபட்டுள்ளது என்பவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. பெங்களூரில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் ஆஸ்டின் டவுனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்க வயல் இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் அங்கு பணியைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி சாம்பியன் ரீஃப் எனும் படிகக்கல் நாளத்திலிருந்து கிடைத்ததாகும். அந்நாளத்தில் தங்கம் பெரும்பாலும் தனித்த துகள்களாகவே இருந்தது. கல்லை இடித்துப் பொடியாக்கி, நீருடன் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டாலே பெரிய துகள்கள் பாதரசத்துடன் ஒட்டிக்கொள்ளும். கோலாரின் பேறு இந்த எளிய தாதுவே எனலாம்.

தகட்டில் சிக்காத நுண்துகள்களைக் கரைப்பதற்கு 1887-இல் கிளாஸ்கோவில் கண்டறியப்பட்ட சயனைடு முறை உதவியது. நீர்த்த சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைக்கும். ஆயின், ஆக்ஸிஜனும் உடனிருத்தல் வேண்டும்.

கோலாரின் மேற்குப் பகுதி நாளங்களில் நிலைமை மாறியது. அங்கு தங்கம் கந்தகக் கனிமங்களுடன் கலந்திருந்தது. அவற்றுள் பிர்ரோடைட் எனும் இரும்புச் சல்பைடு சயனைடையும் ஆக்ஸிஜனையும் தானே விழுங்கிவிடும். முன்கூட்டியே சுண்ணாம்பு சேர்த்துக் காற்றைச் செலுத்தினால் அதன் மேற்பரப்பு மந்தமடையும். ஆர்சனோபைரைட் இன்னும் கடினமானது. சில தாதுக்களில் நுண்ணோக்கிக்கும் புலப்படாத தங்கம் அதன் படிகத்திற்குள்ளேயே பொதிந்திருக்கும். எவ்வளவு அரைத்தாலும் கரைசல் அதை எட்டாது. வறுத்தோ, நுண்ணுயிர்களைக் கொண்டோ அக்கனிமத்தைச் சிதைத்த பின்னரே பயன் கிட்டும். வறுக்கும்போது ஆர்சனிக் நச்சுப்புகை எழும். அதை அடக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வாறு தப்பிய தங்கமே ஊரில் "சயனைடு மேடு" எனப்படும் கழிவுக் குன்றுகளில் கிடக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம். 2024-இல் கர்நாடக அமைச்சரவை இவற்றிலிருந்து தங்கம் எடுக்க இசைவு தெரிவித்தது. படிகக்கல்லில் அடைபட்ட துகளெனில் மேலும் நுண்ணியதாக அரைத்தால் வெளிப்படும். ஆர்சனோபைரைட்டில் பொதிந்ததெனில் அரைப்புச் செலவு வீணே. மழையும் காற்றும் பட்ட சல்பைடு அமிலமாக மாறியிருப்பின் சுண்ணாம்புச் செலவு கூடும். ஆகவே மேட்டுக்கு மேடு, ஆழத்துக்கு ஆழம் மாதிரி எடுத்துக் கனிமங்களை ஆராயாமல் ஆலைக்குத் திட்டமிடுவது சூதாட்டமே.

மேடுகளை அடுத்து வாழ்வோரில் பலர், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்ற தமிழரின் வழிவந்தோர். காற்றடிக்கும் காலத்தில் அப்பொடி அவர்கள் வீடுகளுக்குள் படிகிறது. மேட்டைக் கிளறி மீண்டும் அரைத்தால் அது இன்னும் நுண்ணிய பொடியாகும். அதை எங்கே, எவ்வாறு கொட்டி மூடுவது என்பதும் கனிம ஆய்வோடு சேர்த்தே முடிவாக வேண்டிய செய்தியாகும்.