ஒரு வீட்டுக்கு எத்தனை செல்லப்பிராணிகள்? சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சங்கரன்கோவிலில் இருப்பவருக்கு நாய் ஆசை வர அதிக நேரம் ஆகாது. நாய் இனங்களுக்குப் பெயர் தந்த ஊர்கள் பக்கத்தில்தான்: ரயிலேறினால் சுமார் 30 கி.மீ.யில் ராஜபாளையம், சிப்பிப்பாறையும் தூரமில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. வாங்குவது எளிது என்பதால் ஒன்றோடு நிற்பவர்கள் குறைவு. முதல் நாய்க்குத் துணை, பிள்ளைகளுக்கு ஒரு பூனை, மழையில் நனைந்த தெருக்குட்டி என்று ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்கு இத்தனைதான் என்று நாடு முழுமைக்குமான சட்ட வரம்பு கிடையாது. கணக்கை நாமேதான் போட வேண்டும்.

படி 1: முதலில் ஆளை எண்ணுங்கள்

“எல்லாரும் பாத்துக்குவோம்” என்று சொல்லும் வீட்டில் நாய் கடைசியில் அம்மா தலையில்தான் விழும். ஒரு நாய்க்குக் காலை, மாலை அரை மணி நேர நடை, இரண்டு வேளைச் சோறு, கழுவித் துடைப்பது எனத் தினமும் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதைச் செய்ய ஒருவர், அவர் இல்லாத அன்று செய்ய இன்னொருவர் என இரண்டு பெயர்களை இப்போதே முடிவு செய்யுங்கள். கணவனும் மனைவியும் விசைத்தறிக்குப் போய்விட, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாயே அதிகம், பூனை தாங்கும்.

படி 2: இடத்தைப் பாருங்கள்

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு ஓடிப் பழகிய இனம். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் தூணில் கட்டினால் குரைத்தே தெருவை எழுப்பும். எந்நேரமும் கட்டி வைத்து, நடக்கவே விடாமலிருப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதற்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு கதை.

பூனைக்கு மலம் கழிக்க மண்தட்டு தலைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை பூஜ்யம். வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

படி 3: குட்டியைச் சோதியுங்கள்

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017 விதி. ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டுங்கள். காது அசைந்து தலை திரும்ப வேண்டும். கூடப்பிறந்த குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பலாம், அதனால் தனியாக வைத்துச் சோதியுங்கள்.

படி 4: மருத்துவச் செலவைப் பெருக்கிப் பாருங்கள்

மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் மீண்டும். இதில் தள்ளிப்போடவே கூடாது. அறிகுறி தெரிந்தபின் அந்த நோய்க்கு மருந்தில்லை. குடற்புழு மாத்திரையும் உண்டு. வாரம் ஒருமுறை விரல்களால் முடியை எதிர்ப்பக்கம் தள்ளி, காது மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். ஒரு நாயில் ஒன்று கிடைத்தால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் மருந்து போட்டாக வேண்டும்.

படி 5: ஜோடியாக வாங்காதீர்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பெண் நாய் பெரும்பாலும் வருடத்தில் இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகலாம். இரண்டு எட்டாவதற்குள் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.

படி 6: வீட்டில் ஆளில்லாத நாள்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்? ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உறவினர் கூட்டம் வீட்டை நிறைக்கும்போது நாய் எங்கே படுக்கும்? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாயைப் பார்த்துக்கொள்வார், மூன்றைப் பார்க்கமாட்டார்.

அப்படியானால் எத்தனை? முதல் வருடம் ஒரு நாய், அல்லது இரண்டு பூனை. அந்த வருடம் ஊசியும் நடையும் தவறாமல் போயிருந்தால் இரண்டாவது நாய். மூன்றாவது, காம்பவுண்டும் பகல் முழுக்க ஆளும் உள்ள வீட்டுக்கு மட்டும்.

படி 7: ஏற்கெனவே மிஞ்சிவிட்டால்

குப்பைமேட்டில் விட்டு வருவதும் சட்டப்படி குற்றமே. முதலில் பெண் பிராணிகளுக்குக் கருத்தடை. பிறகு இளசுகளுக்குத் தோட்டமுள்ள சொந்தக்காரர் வீடு தேடுங்கள்; வயதானவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.