குழந்தையின் கட்டிலருகே

மாக் மண்டினிலிருந்து கடல் தாண்டிப் போய், பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம் நம்மில் சிலர் சொல்வதென்ன? "அழாதே, ஸப்ரின் நன்மை போய்விடும்." வேறு சிலர் பிள்ளை பிறந்த நேரத்தையே குறை கூறுகின்றனர். நம் மார்க்கம் இப்படியா போதிக்கின்றது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புதல்வர் இப்ராஹீமுக்குப் பாலூட்டியவர், மதீனாவில் அபூஸைஃப் என்ற கொல்லரின் மனைவி. வீடெல்லாம் உலைப் புகை. ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் வருகையில் அனஸ் (ரலி) அவர்கள் முன்னே ஓடிப்போய், ஊதுவதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தக் குழந்தை ஏறக்குறைய ஒன்றரை வயதில் உயிர் பிரியும் நிலையிலிருந்தபோது நாயகத்தின் கண்கள் நீர் சொரிந்தன. "தாங்களுமா?" என்று வியந்தார் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). இது இரக்கம் என்றார்கள் நாயகம். கண் அழும், உள்ளம் வருந்தும். இறைவன் பொருந்தாத சொல்லைத்தான் நாவு சொல்லலாகாது.

அன்றே சூரிய கிரகணம். வானநூலார் கணக்கில் அது கி.பி. 632 ஜனவரி 27. இப்ராஹீமுக்காகவே சூரியன் இருண்டது என்றனர் மக்கள். எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை என்று, மகனை இழந்த அன்றே மறுத்தார்கள் நாயகம். நாம் மட்டும் நோயுற்ற பிள்ளைக்கு நேரம் பார்ப்பதா!

இருமல், காய்ச்சல் உள்ளோர் வீட்டிலிருந்தே துஆ செய்யட்டும். மற்றவர்கள் ஒருவேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, தாய் உண்ணும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அவள் அழுதால் அழட்டும்.