வெந்நீர் இருக்க வெஞ்சனக் கவலை எதற்கு?
தென் சீனம் சுற்றக் கிளம்பும் வீட்டாருக்குச் சில குறிப்புகள்

"சிங்கப்பூர், மலேசியா பார்த்தாச்சு, அடுத்து எங்கிட்டுப் போறது?" என்று எங்கள் திருவாதவூர், மேலூர்ப் பக்கத்து வீடுகளில் இப்போது பேச்சு நடக்கிறது. தென் சீனம் என்று யாராவது சொன்னால் போதும், "அங்க போய்ச் சோத்துக்கு என்ன செய்வீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ரயிலில், ஸ்டேஷனில், ஓட்டல் அறையில் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் காசில்லாமல் கிடைக்கிற நாடு அது. அதை நம்பிக் கிளம்பினால் பாதிச் செலவும் முக்கால்வாசிக் கவலையும் குறையும்.

1. நம் காலாண்டு விடுமுறையில் மட்டும் போய்விடாதீர்கள். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனா முழுக்கத் தேசிய விடுமுறை. ரயிலில் இடம் கிடைக்காது, அறை வாடகை எகிறும். அரையாண்டு விடுமுறைதான் தோது. கூட்டமும் கம்மி, வாடகையும் கம்மி. ஆனால் டிசம்பரில் குய்லின் பக்கம் நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் ஆகாது.

2. கோடை விடுமுறைதான் வசதி என்கிறவர்கள் குடையை மறக்கக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை குய்லினில் மழை வெளுத்து வாங்கும். ஆவணி மூலத்துக்கு மாணிக்கவாசகர் நம் ஊரிலிருந்து மதுரைக்குப் புறப்படும் சமயத்தில் நாமும் இங்கேயே இருப்பது நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென் சீனக் கரையோரத்தில் புயல் காலம்.

3. குவாங்சோவில் இறங்கி, சுற்றிவிட்டு, ஹாங்காங் வழியாக ஊர் திரும்புகிற மாதிரி பாதை போடுங்கள். நடுவில் ஹாங்காங் போய் மறுபடி சீனாவுக்குள் நுழைந்தால் இரண்டு முறை நுழையும் விசா வேண்டும். பாதையை மாற்றினால் ஒற்றை நுழைவு விசாவே போதும், தலைக்கு இவ்வளவு என்று மிச்சம்.

4. ஹாங்காங்கில் 14 நாள் வரை தங்க நமக்கு விசா வேண்டாம், ஆனால் முன்பதிவு கட்டாயம். அரசு இணையதளத்தில் இலவசமாக நாமே பதிந்து, ஏ4 தாளில் அச்செடுத்துக் கொள்ளலாம். இதற்குப் போய் ஏஜெண்டுக்குத் துட்டு கொடுக்காதீர்கள்.

5. சீன விசாவுக்குப் படம் 33-க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் எடுத்துவிடுவார்கள். அளவைச் சீட்டில் எழுதிக் கொடுக்காமல், முடிந்தால் போனில் காட்டியே எடுக்கச் சொல்லுங்கள்.

6. டூர் கம்பெனியில் மொத்தமாகப் பணம் கட்டினால் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்த்துப் பிடிப்பார்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பலரும் இதைச் செலவாகவே எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள்.

7. மசாலாப் பொடி அரைத்து எடுத்துப் போகிறவர்கள் கசகசா சேர்க்காமல் அரையுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், விமானம் மாறுகிற இடம் அதுவாக இருந்தால் வீண் வம்பு.

8. வாழைப்பழம், எலுமிச்சை, பச்சை மிளகாய், பச்சைக் கறிவேப்பிலை, பால், வெண்ணெய், முட்டை, கறி எதுவும் சீனச் சுங்கத்தைத் தாண்டாது. பால்கோவா, நெய் மைசூர்பாகு பார்சலும் வேண்டாம். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், இஞ்சி மொரப்பா போதும்.

9. இனி வெந்நீர்ச் சமையல். ரவையைச் சிவக்காமல் மணம் வர நன்றாக வறுங்கள். கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை மொறுமொறுவென்று தாளித்து, உப்போடு அதில் கலந்து, முழுக்க ஆறியபின் பையில் அடையுங்கள். மூடியுள்ள டப்பாவில் ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு கொதிநீர் ஊற்றி, ஒரு கிளறு கிளறிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா தயார். ஈரம் துளி இருந்தாலும் கலவை கெட்டுப்போகும் என்பதால் ஆறவிடுவதில் அவசரம் கூடாது.

10. அவலுக்கு அந்த வேலையும் இல்லை. மெல்லிய அவலில் புளியோதரைப் பொடியைப் பிசறி, வெந்நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் ஒரு வேளைப் பசி ஆறும். கெட்டி அவல் என்றால் தண்ணீர் கூடுதலாக, நேரமும் கூடுதலாக.

11. பாலுக்கு அலைய வேண்டாம், சுக்குமல்லித் தூளும் கருப்பட்டித் தூளும் கலந்து ஒரு டப்பா எடுத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தால் ரயிலிலேயே கலந்து குடிக்கலாம். ரயில் பெட்டியின் ஒரு கோடியில் இருக்கும் வெந்நீர்க் குழாயில் உண்மையிலேயே கொதிநீர்தான் வரும், பிள்ளைகளைப் பிடிக்க அனுப்பாதீர்கள்.

12. புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் வைத்தால் 100 மில்லி கணக்குச் சொல்லி விமான நிலையத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள். பாட்டில் மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் துண்டை வைத்து இறுக்கி மூடினால் எண்ணெய் கசியாது.

13. சீன ஓட்டலில் "காய்தானே" என்று கேட்டு வாங்கினாலும் பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாறு ஊற்றியோ வதக்கியிருக்கலாம். "கறி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று தங்கும் இடத்து வரவேற்பாளரிடம் சீனத்தில் எழுதி வாங்கி, போனில் படமாக வைத்துக் கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியோடு மல்லுக்கட்டுவதைவிட இது லேசு.

14. பெரிய புத்தர் கோயில் பக்கம் போனால் சுத்த சைவச் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பாருங்கள். ஷியாமென் ஊர் நான் புத்துவோ கோயிலின் சைவ உணவகம் பேர்போனது. கோழி, மீன் மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். அத்தனையும் சோயாவும் காளானும்தான், பயப்பட வேண்டாம்.

15. நம் யுபிஐ அங்கே ஓடாது. அலிபே, வீசாட் இரண்டில் ஒன்றில் உங்கள் கிரெடிட் கார்டை ஊரில் இருக்கும்போதே இணைத்துவிடுங்கள், ஓடிபி இங்கேயே வந்துவிடும். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் செலுத்தினால் அந்தச் செயலிகள் கூடுதல் கட்டணம் பிடிப்பதில்லை, தாண்டினால் 3 சதவீதம். ஆகவே மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே பில் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்வது லாபம்.

16. கூகுள், யூடியூப், வாட்ஸப் எதுவும் சீன ஓட்டல் வைஃபையில் திறக்காது, ஹாங்காங்கில் திறக்கும். நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் வாட்ஸப் வேலை செய்யும். வீட்டுக்கு ஒரு போனில் மட்டும் ரோமிங் போட்டு, மற்றவர்கள் அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொண்டால் போதும்.

17. நம் மூன்று முனை பிளக் அங்கே சொருகாது. மின்சாரம் என்னவோ ஏறக்குறைய நம்மைப் போலத்தான், 220 வோல்ட். ஆளுக்கொரு அடாப்டர் வாங்காமல், ஒரே அடாப்டரும் வீட்டில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துப் போங்கள்.

18. பவர்பேங்க் வாங்குமுன் யோசியுங்கள். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அவர்களுடைய 3சி முத்திரை இல்லாத பவர்பேங்க் ஏற்ற முடியாது. அதற்குத்தான் நாட்டுக்குள் ரயிலிலேயே போங்கள் என்கிறேன், குவாங்சோவிலிருந்து குய்லின் அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்தான்.

19. ரயில் டிக்கெட்டுக்குக் காகிதம் தேவையில்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட். பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். இனிஷியல் விரிந்த நம் பெயர்களில் இங்கேதான் சிக்கல். ஆறு வயது நிரம்பாத ஒரு பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை, அதற்குமேல் 14 வயது வரை சலுகைக் கட்டணம்.

20. ஒரே ஊரில் மூன்று நான்கு ஸ்டேஷன் இருக்கும். குய்லின் என்றால் வடக்கு, மேற்கு என்று தனித்தனி. டாக்ஸி ஏறுமுன் டிக்கெட்டில் இருக்கும் ஸ்டேஷன் பெயரைச் சீன எழுத்திலேயே காட்டுங்கள். அரிவாள்மனை எல்லாம் வேண்டாம், காய் நறுக்கும் சின்னக் கத்திகூட ஸ்டேஷன் சோதனையில் மாட்டலாம்.

21. லி ஆற்றில் முழு நீளப் படகுப் பயணம் அழகுதான், செலவும் அதற்கேற்ற மாதிரி. அதற்குப் பதில் ரயிலில் போகலாம். யாங்ஷுவோ ரயில் நிலையம் பெயருக்குத்தான் யாங்ஷுவோ, உண்மையில் ஷிங்பிங் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இறங்கி முதலில் ஷிங்பிங்கைப் பார்த்துவிட்டு அப்புறம் யாங்ஷுவோ போனால் இரட்டை அலைச்சல் இல்லை. 20 யுவான் நோட்டின் பின்பக்கம் இருக்கும் மலையும் ஆறும் ஷிங்பிங்தான், நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுக்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

22. குய்லினில் யானைத் தும்பிக்கை மலை என்று ஒன்று. நம் ஒத்தக்கடை யானைமலை படுத்த யானை என்றால், அது ஆற்றில் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் குடிக்கிற யானை. மலைக்கு உள்ளே போவதைவிட எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்தான் யானை முழுசாகத் தெரியும்.

23. குய்லின் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் குகைகள் நிறைய. வண்ண விளக்குப் போட்ட நாணல் குழல் குகை ஒன்றைப் பார்த்தால் போதும், அடுத்தடுத்த குகைக்கும் டிக்கெட் எடுப்பது வீண் என்பது என் கட்சி.

24. பெரியாற்றுத் தண்ணீரில் நெல் போடும் மேலூர்க்காரர்கள் லோங்ஜி படிக்கட்டு வயல்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. மலையடியிலிருந்து உச்சிவரை வரப்பு வரப்பாக நெல். 13-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டத் தொடங்கிய வயல்கள். வண்டி வாசலோடு நின்றுவிடும், மேலே கல்படிதான். பெரிய பெட்டிகளைக் குய்லின் ஓட்டலிலேயே விட்டுவிட்டு ஒரு இரவுக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டால் சுமைக்கூலி மிச்சம்.

25. லோங்ஜி போகும் வழியில் ஹுவாங்லுவோ கிராமத்து யாவ் பெண்களின் நீண்ட கூந்தல் உலகப் பிரசித்தம். அவர்கள் தலை அலசுவது புளிக்கவைத்த அரிசித் தண்ணீரில். ஊர் திரும்பியதும் இட்லிக்கு அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் நீங்களும் பாருங்கள், காசா பணமா?

26. குவாங்சோவில் 600 மீட்டர் உயரக் கான்டன் கோபுரத்தில் ஏற டிக்கெட் விலை கூடுதல். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலர் நகரச் சதுக்கத்தில் நின்றால் இரவில் கோபுரத்தின் விளக்கு அலங்காரம் முழுக்க இலவசம். ஷாமியன் தீவு, ஐந்து ஆடுகள் சிலை இருக்கும் யுவேஷியு பூங்கா இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊருக்குள் சுற்ற மெட்ரோதான் சிக்கனம், குறைந்த கட்டணம் 2 யுவான்.

27. குவாங்சோவில் வியாபாரம் செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம்தான். ஆனால் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

28. ஒரு நாள் மிச்சப்படுத்தியாவது சுவான்சோ போய்வாருங்கள்; ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக ஊர் அது. குப்லாய் கான் காலத்தில் நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். கையுவான் புத்தர் கோயிலில் பெரிய மண்டபத்தை முன்னால் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் சுற்றிப் போனால் இரண்டு கல்தூண்களில் நரசிம்மர், கண்ணன், கஜேந்திர மோட்சம் எல்லாம் இருக்கும். புறப்படும் முன் மீனாட்சியம்மன் கோயில் தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அங்கே அவர்களே அடையாளம் சொல்வார்கள், வழிகாட்டிக் கூலி மிச்சம்.

29. கழிவறையில் குழாய், குவளை எதிர்பார்க்காதீர்கள். காலி அரை லிட்டர் பாட்டில் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். டிஷ்யூ பாக்கெட்டும் கூடவே, பல இடங்களில் அதுவும் இருக்காது.

30. ஹாங்காங்கில் படகுச் சவாரிக்கு என்று பெரிய தொகை கொடுக்க வேண்டாம். 1888 முதல் ஓடும் ஸ்டார் பெர்ரியில் சில டாலர்களிலேயே துறைமுகத்தைக் கடந்து அதே காட்சியைப் பார்க்கலாம். இட்லி, பரோட்டா ஏக்கம் தாங்காவிட்டால் சிம் ஷா சுயியில் சுங்கிங் மாளிகைக்குள் நுழையுங்கள், இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும்.

31. வீட்டைப் பூட்டிப் போகும் தகவலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள், ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். பூந்தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, மண்மேல் நனைத்த தென்னை நாரைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் முந்தின நாளே சொல்லுங்கள். வாசலில் குவியும் பேப்பர்தான் திருடனுக்குத் தாம்பூலம்.

32. தேயிலை வாங்க, டூர் வண்டி கொண்டுபோய் நிறுத்தும் கடையில் இறங்காதீர்கள், விலையில் கமிஷனும் சேர்ந்திருக்கும். உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டில் காற்றுப் புகாத சின்னப் பொட்டலங்களாக வாங்குங்கள். சுவான்சோவை அடுத்த ஆன்ஷி ஊர்த் தேயிலைக்கு நல்ல பெயர். வீட்டுக்கு வந்ததும் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், தேயிலை வாசனையை உறிஞ்சிக்கொள்ளும்.