நுரையைப் பார்த்து சோப்பு வாங்காதீர்கள்

கோபிநத்தத்தில் பேச்சு தமிழ், பெயர்ப்பலகை கன்னடம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த காட்டோரத்து ஊர். சுற்றுக்காட்டுச் சந்தனமரக் கடத்தல் இந்த ஊரின் பெயரை எப்படி நாடறியச் செய்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விட்டுவிடுவோம். அந்த மரத்தின் மணத்தைச் சுமக்கும் சோப்பையும் அதன் பங்காளிகளையும் பற்றித்தான் இந்த வாரம்.

நம்பிக்கை: சந்தன சோப்பு சந்தனத்தில் செய்தது.

சந்தனம் அதில் மணத்துக்கு மட்டும்தான். முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய சந்தனக்கட்டை மைசூர் அரசிடம் தேங்கிப்போனது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் விஸ்வேஸ்வரய்யா காலத்தில், 1916-ல் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயைச் சேர்த்து பெங்களூரில் பிறந்ததுதான் மைசூர் சாண்டல். சோப்புத் தொழிலைக் கற்றுவர சோசலே கரலபுரி சாஸ்திரியை இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். 2006-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் அழுக்கை எடுப்பது சந்தனம் அல்ல. கொழுப்பும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து உண்டாகும் உப்பு. சந்தனக்கட்டை படம் போட்டு விற்கும் வேறு பல சோப்புகளில் அந்த மணம்கூட ஆலையில் செய்ததுதான்.

நம்பிக்கை: உறையில் ‘டாய்லெட் சோப்’ என்றிருந்தால் அது கழிவறைக்கு.

சிரிக்காதீர்கள், இதைக் கேட்காத கடைக்காரர் இல்லை. இங்கே டாய்லெட் என்பது குளித்து முகம் கழுவி உடம்பைத் துப்புரவாக்குவதைக் குறிக்கும் பழைய சொல். உண்மையில் உறையில் தேடிப் பார்க்க வேண்டியதே அந்தச் சொல்லைத்தான். இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்புக்கு மூன்று தரம் உண்டு. மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது டி.எஃப்.எம்., முதல் தரத்தில் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. ‘பேத்திங் பார்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அது வேறு சாதி. அதற்கு 40 இருந்தாலே போதும். நடிகை படம் எவ்வளவு பெரிதோ, இந்த எழுத்து அவ்வளவு சிறிது.

நம்பிக்கை: நுரைக்காத சோப்பு மட்டமான சோப்பு.

“நல்லா நுரைக்கிறதா ஒண்ணு குடுங்கண்ணா” என்று கேட்பவர்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிப்பதில்லை. ஆற்றில் பொங்கப் பொங்க நுரைத்த அதே கட்டி, போர் தண்ணீரில் சுணங்கும். நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்து, கரையாத திப்பியாக்கிவிடும். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரும். சலவைப் பவுடர் சோப்பே அல்ல, டிடர்ஜென்ட். அதன் மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை சென்னை மணலியில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறார்கள். கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் சேர்ந்து டிடர்ஜென்ட் எளிதில் திப்பியாகாது, அதனால்தான் உப்புத்தண்ணீரிலும் அது வேலை செய்கிறது. நுரை அதிகமானால் அலசும் தண்ணீர்தான் கூடுதலாகச் செலவாகும்.

நம்பிக்கை: பவுடர் எல்லாத் துணிக்கும் ஒன்றுதான்.

கொள்ளேகால் பட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க. பட்டு என்பது புரதம். கறை போக்கவென்று பல பவுடர்களில் சேர்க்கும் என்சைம், புரதத்தைத் தின்பது. ரத்தக்கறையைத் தின்னும் வாய் பட்டிழையை மட்டும் விட்டுவைக்குமா? காரமும் சேர்ந்தால் பளபளப்பு போய்விடும். பாட்டிமார் பட்டுக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்தது சும்மா இல்லை. அதிலுள்ள சபோனின் மென்மையாக நுரைத்து அழுக்கெடுக்கும். சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் சீயக்காயோடு அதையும் காட்டிலிருந்து சேகரிப்பவர்கள்தான்.

நம்பிக்கை: கிருமிநாசினி சோப்புதான் கிருமியைப் போக்கும்.

சாதா சோப்பு போதும். ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 ரசாயனங்கள் சாதா சோப்பைவிட மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை எனச் சொல்லி, அவற்றைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் தடை விதித்தது. இருபது விநாடி தேய்ப்பதுதான் விஷயம்.

நம்பிக்கை: இரண்டைக் கலந்தால் இரட்டைச் சுத்தம்.

இது மட்டும் விளையாட்டல்ல. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வகை திரவத்தோடு பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் எடுக்கும். ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு இன்னொன்றை இன்னொரு நாள் எடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அலசிக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.