காமாலைக்கு மருந்தே இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

“டாக்டரம்மா, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதாமே? ஊசி போட்டா ஆளு போயிடுமாமே?”

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சித்த மருத்துவம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க” என்கிறார்கள். சித்த மருத்துவர் என்பதால் இதைக் கேட்டு நான் மகிழ்ந்துபோவேன் என்றும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வருவது கோபம். என் துறையின் பெயரைச் சொல்லி ஒரு நோயாளியின் நேரத்தைத் திருடும் பேச்சு இது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காமாலை என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் முதிர்ந்து உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் சரி, கல்லீரல் கெட்டாலும் சரி, பித்தக்குழாய் அடைபட்டாலும் சரி, அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தங்கிவிடும். கண்ணின் வெள்ளையில் அது தெரியும். இந்த மூன்றுக்குள் எத்தனை நோய்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள்: கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ, ரத்தத்தின் வழியாக வரும் பி, சி, சாராயம், எலிக்காய்ச்சல், பித்தக்கல், கணையத்தில் புற்று, சிலருக்குக் காசநோய் மாத்திரை. எல்லாவற்றுக்கும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். இத்தனைக்கும் சேர்த்து “மருந்து கிடையாது” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். நம்முடையது நெல் விளையும் பூமி. ஐப்பசி மழைக்குப் பிறகு வயலில் முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்கிறோம். அந்தச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கிறது. காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். நடவு முடித்த ஒரு விவசாயத் தொழிலாளியை அவர் மனைவி கைத்தாங்கலாக என்னிடம் அழைத்து வந்தார். கண்ணில் மஞ்சள் இருந்தது, அதோடு கண் செக்கச்செவேலென்று சிவந்தும் இருந்தது. ஆடுசதையை மெல்ல அழுத்தியதற்கே அலறினார். சிறுநீர் இரண்டு நாளாகச் சரியாகப் போகவில்லை. “காச்ச வந்ததுமே ஏன்மா வரல?” என்று கேட்டேன். “காமாலைன்னாங்க. ஒரு வாரமா கீழாநெல்லி குடுத்தேன் டாக்டரம்மா. பத்தியமும் தப்பாம இருந்தாரு” என்றார். 108-ஐ வரவழைத்து அனுப்பினோம். பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் தேறும்வரை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் கேட்கும், டாக்சிசைக்ளின் கேட்கும். பழைய மருந்துகள், விலை மலிந்தவை, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைப்பவை. காய்ச்சல் வந்த முதல் நாட்களில் கொடுத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. அந்த வீட்டில் பத்தியம் ஒரு நாளும் தப்பவில்லை, நாள்தான் தப்பிப்போனது.

பித்தக்குழாயில் கல் அடைத்தால் எண்டோஸ்கோப் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்குப் பன்னிரண்டு வார மாத்திரை இருக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸே போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி-யை அடக்கிவைக்க டெனோபோவிர் இருக்கிறது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி வராமல் தடுக்கத் தடுப்பூசியே இருக்கிறது, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே போடுகிறார்கள். இவ்வளவும் இருக்க, எது இல்லை என்கிறீர்கள்?

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். நம் ஊரில் வரும் காமாலையில், அதுவும் குழந்தைகளுக்கு வருவதில், பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ. அது எந்த மருந்தும் இல்லாமல் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், வெறும் கஞ்சி குடித்தவரும் தேறுவார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் பெயர் காக்கைக்குத்தான் போகும். வதந்தி பிறந்ததும் இங்கேதான். ஹெபடைடிஸ் ஏ வந்தவரிடம் மருத்துவர், “இதுக்கு மருந்து தேவையில்ல, ஓய்வு எடுங்க” என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது “மருந்தே இல்லையாம்” என்று ஆகிவிடுகிறது. ஊசி பயத்துக்கும் காரணம் உண்டு. ஒரே ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் பலருக்கும் குத்திய காலம் இருந்தது, அப்படியும் ஹெபடைடிஸ் பி பரவியது. இன்று ஒருவருக்கு ஒரு ஊசி, பிரித்துப் போட்டதும் குப்பைக்குப் போகிறது. காலம் மாறிய பிறகும் பயத்தை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“சயின்ஸே ஒத்துக்கிட்டது” என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லித் தூளை வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. தமிழ்நாட்டு மூலிகை உலகத்தின் கண்ணில் பட்ட நாள் அது, எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வைரஸை உடலில் நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்கள். கண் மஞ்சளாகிப் படுத்திருந்த காமாலைக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது இல்லை. பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை, 1990-ல் அதையும் அதே லான்செட் வெளியிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடித்தது. முதல் ஆய்வை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு மற்றவற்றை மறைப்பது மருத்துவம் ஆகாது. என் துறையினரில் சிலர் அதைச் செய்கிறார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

கீழாநெல்லியை நான் ஒதுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிந்து, இது தானே இறங்கும் வகை என்று உறுதியான பிறகு கொடுக்கிறேன். வரப்பில் பிடுங்கி வரும் செடிகளைத்தான் கையில் வாங்கிப் பார்க்கச் சகிக்கவில்லை. இலைக்கு அடியில் நெல்லிக்காய் போலக் குட்டிக் காய் வரிசையாகத் தொங்குபவை எல்லாம் ஒரே செடி என்று நினைக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் அதே சாயலில் பல செடிகள் உண்டு. போதாததற்கு, களைக்கொல்லி அடித்த வரப்பில் பிடுங்கி, எந்தத் தண்ணீரால் காமாலை வந்ததோ அதே தண்ணீரில் அலசி, பச்சையாக அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறீர்கள்.

நம் முன்னோர் இப்படி இல்லை. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியின் பதினாறாம் அத்தியாயத்தில் காமாலை வருகிறது. மலம் எள் அரைத்த விழுதைப் போல வெளிறிப் போனால், பித்தத்தின் பாதை அடைபட்டிருக்கிறது என்று அங்கே தனியாகப் பிரித்து, அதற்கு வேறு சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் மலத்தின் நிறத்தைப் பார்த்தே அடைப்பைப் பிடித்திருக்கிறார்கள்! எந்த நிலைக்குப் போன காமாலைக்காரர் பிழைக்கமாட்டார் என்றும் எழுதிவைத்தார்கள். அந்த மரபில் வந்தவர்கள் நாம், இன்று நோயாளியின் மலம் என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல் மருந்து சொல்கிறோம்.

நமக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைப் பற்றி அது சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என்று எல்லோருக்கும் ஊதியம் வகுத்திருக்கிறார்கள். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று சுமார் இருபது மருந்துகளின் பட்டியலும் உண்டு. கஷாயம் கொடுப்பவரும் கத்தி எடுப்பவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது. நாட்டு மருத்துவத்தை நம்புகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்ற சட்டத்தை நம் மரபு எழுதவில்லை. அது வாட்ஸ்அப்பில் வந்த சட்டம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மந்திரித்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவினால் மஞ்சள் இறங்குகிறது என்கிறார்கள். தண்ணீர் மஞ்சளாவது கையில் தடவிய மரப்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்வதால், நல்ல உடம்புள்ளவர் கையைக் கழுவினாலும் மஞ்சளாகத்தான் ஓடும். மூக்கில் சாறு விட்டால் மஞ்சளாகச் சளி கொட்டுகிறதாம். காரமான சாறு பட்டுப் புண்ணான மூக்கு நீர் விடுகிறது, கல்லீரலிலிருந்து மூக்குக்கு வழி கிடையாது. கரும்புச்சாறு குடித்தால் காமாலை போகும் என்பவர்கள், சாலையோரத்தில் அந்தச் சாற்றில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று விசாரிக்கட்டும். குழம்பில் மஞ்சள்தூள் போட்டால் கண்ணின் மஞ்சள் ஏறாது. உப்பையும் எண்ணெயையும் அறவே நிறுத்தி, வெறும் மோர்சாதம் கொடுத்து நோயாளியை எலும்பும் தோலுமாக்காதீர்கள். பசிக்கிறவர் சாப்பிடலாம். சாராயத்தை மட்டும் தொடக் கூடாது.

பச்சைக் குழந்தைக்குச் சூடு போடுவதைப் பற்றி வாதம் செய்யவே மாட்டேன். அது கொடுமை. பிறந்து ஒரு நாளுக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினாலோ, காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பிலிருபின் மூளையில் ஏறினால் ஆயுளுக்கும் ஊனம். நீல விளக்குச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. குழந்தையின் மலம் வெள்ளையாகப் போனால் பித்தக்குழாயே சரியாக அமையாமல் இருக்கலாம், அதற்கான அறுவையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

“மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை” என்பது இன்னொரு பேச்சு. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தைக் குடம் குடமாகக் குடித்தார்கள். அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அது சீந்தில்தானா, அதன் சாயலில் இருக்கும் வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புச் சொன்னது. எது சரியாக இருந்தாலும், வீட்டில் கொதித்த பாத்திரத்தில் எந்தக் கொடி கிடந்தது என்று குடித்தவருக்குத் தெரியாது. ஏற்கெனவே காமாலை உள்ளவருக்குப் பெயர் தெரியாத சூரணத்தைக் கொடுப்பது புண்பட்ட கல்லீரலின் மேல் இன்னொரு சுமை.

யார் காத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தால் நூற்றுக்கு இருபது பேர்வரை இறந்துபோகிறார்கள். பிதற்றல், பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், ரத்த வாந்தி, கறுத்த மலம், வெளிறிய மலம், சிறுநீர் குறைவது, காய்ச்சலோடு சேர்ந்த மஞ்சள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் என்னிடம் வர வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்களும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள்.

இத்தனை பேசியும், ஊரில் காமாலை வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் தண்ணீர்தான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையைப் பற்றி உலகுக்கே சொல்கின்றன. பிரதமர்கள் பேசுகிறார்கள், நாமும் மார்தட்டிக்கொள்கிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் மாற்றிய ஊர் இது. இன்று நம் தெருமுனை மேல்நிலைத் தொட்டியின் காலில் ‘சுத்தம் செய்த நாள்’ என்று பெயிண்டில் எழுதிய இடத்தைப் போய்ப் பாருங்கள். பல ஊர்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசல் விழுந்தால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் கழிவு உள்ளே புகுந்துவிடும். தொட்டியில் குளோரின் கலந்தால் மட்டும் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். அதைப் பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி போதும். சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நிறம் மாறாவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அன்றைக்குப் போய், கடைசித் தெருக் குழாயில் எல்லோர் முன்னிலையிலும் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.