காலரா: குடலை அரிப்பதாக ஒரு பழி

காலராக் கிருமி குடலை அரித்துத் தின்றுவிடும், அதனால்தான் அரிசி கழுவிய நீர்போல வயிற்றால் போகிறது என்பது பழைய நம்பிக்கை. 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை மருத்துவர்களிலேயே பலர், குடலின் உட்தோல் உரிந்துவிடுவதாக நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் அது உரிந்துதான் தெரிந்தது. ஆனால் அது சாவுக்குப் பிறகு நேர்ந்த சிதைவு. தாய்லாந்தில் உயிரோடிருந்த நோயாளிகளிடம் திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 1960இல் வெளியானது; உட்தோல் முழுசாக இருந்தது.

பிறகு நீர் எப்படிக் கொட்டுகிறது? விடை அதற்கு முந்தைய ஆண்டே கல்கத்தாவிலிருந்து வந்துவிட்டது. சம்பு நாத் டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி உள்ளே செலுத்தினார். கிருமி இல்லாமலே குடல் நீர் கோத்து உப்பியது. வேலை செய்தது நஞ்சு. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரையை உலகம் சாவகாசமாகத்தான் கவனித்தது. 1985இல் டே காலமாகும்வரை இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை என்பது வெட்கக்கேடான தனிக்கதை.

நஞ்சின் ஐந்து துண்டுகள் குடல் செல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆறாவதன் ஒரு பகுதி உள்ளே போய், குளோரைடு வெளியேறும் வழியை மூடவிடாமல் செய்யும். உப்பு போகும் பக்கமே நீரும் போகும்; நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர்வரை.

பாக்டீரியாக்களிடம் ஊசி உண்டு என்று படித்தவர்கள், இந்த நஞ்சும் ஊசிவழியே ஏறுவதாக எண்ணுவதுண்டு. சால்மோனெல்லா நம் செல்லுக்குள் ஊசி போடும், உண்மைதான். காலரா நஞ்சோ வெளியே கொட்டப்படுவது. அதை உள்ளே இழுத்துக்கொள்வது நம் செல்லேதான்.

காலராக் கிருமியிடமும் ஓர் ஈட்டி இருக்கிறது. அமீபாக்களை அது எப்படிக் கொல்கிறது என்று தேடிய ஹார்வர்டு குழு 2006இல் அதைக் கண்டுபிடித்தது. உறை சில மில்லிவிநாடிகளில் சுருங்க, உள்ளிருக்கும் குழாய் நச்சோடு பக்கத்துச் செல்லைத் துளைக்கும். குத்துப்படுவது பெரும்பாலும் அண்டை பாக்டீரியாதான். முறிவுப் புரதம் வைத்திருக்கும் சொந்த இனம் பிழைத்துக்கொள்ளும். நண்டு ஓட்டில் உள்ள கைட்டின்மேல் வளரும்போது, கொன்ற அயலானின் டிஎன்ஏவையும் அது விழுங்கிக்கொள்கிறது என்று 2015இல் தெரிந்தது. காலரா நஞ்சுக்கான மரபணுவே அப்படி வெளியிலிருந்து, ஒரு வைரஸ் கொண்டுவந்த சீதனம்.

இவையெல்லாம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஆளைக் கொல்லும் நம்பிக்கை வேறு: “பேதியாகும்போது தண்ணி குடுத்தா இன்னும் போகும்.” உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் வழியை நஞ்சு தொடுவதில்லை, உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பலிப்பது அதனால்தான். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அதை டிரம் டிரம்மாகக் கலந்து கொடுத்தார். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் யாருக்காவது பேதி கண்டால், ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.