தெர்மாகோல் பனி எதற்கு?

கேள்வி: டிசம்பரில் எங்கள் கத்தோலிக்க ஆலயத்தில் மகளுக்குக் கல்யாணம் வைக்கலாம் என்றிருக்கிறோம். ‘விண்டர் வெட்டிங்’ மாதிரி எல்லாம் வெள்ளையாக வேண்டும் என்கிறாள், குப்பையும் சேரக்கூடாதாம். முடியுமா?
– வாசகி, திருமுல்லைவாயில்

பதில்: முதலில் தேதியைப் பார்ப்போம் அம்மா. டிசம்பர் 24 வரை திருவருகைக்காலம். பீடத்தில் பூகூட அடக்கமாகத்தான் வைப்பார்கள். பல பங்குகளில் கல்யாணமே வைப்பதில்லை. மழையும் விட்டிருக்காது. 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயலை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் நடுவில் ஒரு நாள் கிடைக்குமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். குடில், நட்சத்திரம், சீரியல் விளக்கு எல்லாம் ஏற்கெனவே கட்டியிருக்கும். அலங்காரச் செலவில் பெரும்பகுதி மிச்சம். மார்கழி என்பதால் மண்டபமும் எளிதில் அமையும், ஏ.சி. தேவைப்படாது.

வெள்ளைக்கு தெர்மாகோல் உருண்டை எதற்கு? நம்மூர்ப் பனி மல்லி விலையில் தெரியும். தொண்டைமான் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிய ஊர்தான் உங்களுடையது. ஆனாலும் அந்த வாரம் முல்லை, மல்லிக்கு ஆசைப்படாதீர்கள். பனியில் மொட்டு குறைந்து மல்லி கிலோ ஆயிரங்களில் நிற்கும். வெள்ளைச் சாமந்தியும் சம்பங்கியும் போதும். தோழிகள் தலைக்கு டிசம்பர் பூ வைக்கலாம்.

பூ அலங்காரக்காரர் பச்சை ஸ்பாஞ்சில் குத்தித் தருவார். அதை விரலால் அழுத்திப் பாருங்கள், மாவாக உதிரும். உதிர்கிறதே தவிர மக்காது, அதுவும் பிளாஸ்டிக்தான். ஒரு சாண் வாழைத்தண்டை நறுக்கி நிறுத்தி அதில் குத்தச் சொல்லுங்கள். ஈரமும் நிற்கும், மறுநாள் மாட்டுக்கும் ஆகும்.

பத்திரிகையைக் குறைத்தே அடியுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதே பங்கு மக்களுக்கு அழைப்பு.

பந்தியில்தான் பாடு. 2019 ஜனவரி 1 முதல் மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பூச்சு போட்ட பேப்பர் தட்டு, கப் எல்லாமே தமிழகத்தில் தடை. துணி மாதிரியே இருக்கும் தாம்பூலப் பையும் அந்தப் பட்டியலில் உண்டு. பலருக்கு அது தெரியாது. தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, பாட்டிலுக்கு இல்லை. இலைக்கு ஒன்றாக வைக்கும் அந்தக் குட்டி பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எவர்சில்வர் டம்ளரும், ஜக்கோடு தண்ணீர் ஊற்ற நாலு பையன்களும் வேண்டும் என்று கேட்டரிங்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கல்யாணத்தன்று சொன்னால், பாட்டில் பெட்டி மண்டப வாசலில் இறங்கியிருக்கும்.